கல்ச்சர் நெகட்டிவ்: நீர்ப்பை வலிக்கு சாட்சி தேடிய 200 வருஷம்

எங்க அக்காவிடம் ஒரு பச்சை ஃபைல் இருக்கிறது. அதில் 11 யூரின் கல்ச்சர் ரிப்போர்ட். எல்லாவற்றிலும் ஒரே வரி: கிருமி வளர்ச்சி எதுவும் இல்லை. கூடவே நாலு ஸ்கேன், சர்க்கரை, கிரியேட்டினின். எல்லாம் நார்மல்.

அக்கா மட்டும் நார்மலாக இல்லை. ஸ்கூல் டீச்சர். ஒரு பீரியட் முழுசாக நிற்க முடியாது. நீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே அடிவயிற்றில் எரியும், குத்தும். போய்விட்டு வந்தால் அரை மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடியும் ஆரம்பம். ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்திருப்பாள். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஈ.சி.ஆர். பஸ்ஸில் போவதையே நிறுத்திவிட்டாள். மூணு நாலு மணி நேரம் எப்படி அடக்குவது? சொந்தக்காரர் கல்யாணங்களுக்குக்கூடப் போகவில்லை. "உங்க அக்காவுக்கு ரொம்ப கர்வம்" என்று ஒரு சித்தி என்னிடமே சொன்னார்.

ஒரு டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கும்மா. டென்ஷனைக் குறைங்க, யோகா பண்ணுங்க" என்றார். வெளியே வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீயும் அதான்டா நினைக்கிற?"

நான் இல்லை என்றேன். அது பொய். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் என்ஜினியர். எங்க தொழிலில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. கஸ்டமர் ஒரு கோளாறு சொல்வார். நாங்கள் எங்க மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். வராது. 'கேன்னாட் ரீப்ரொட்யூஸ்' என்று போட்டு டிக்கெட்டை மூடிவிடுவோம். ஆறு மாதம் கழித்து அதே கோளாறு பெரிதாக வெடிக்கும்போதுதான், எங்க லாக் பார்க்க வேண்டிய இடத்தையே பார்க்கவில்லை என்று தெரியவரும்.

அக்காவின் ஃபைலையும் அப்படி மூடிவிட்டோமோ என்ற உறுத்தலில்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த நோய்க்கு கிட்டத்தட்ட 200 வருஷ வரலாறு இருக்கிறது, அது முழுக்க சாட்சி தேடிய வரலாறு. நோயாளி வலிக்கிறது என்பார். மருத்துவம் எங்கே காட்டு என்று கேட்கும். புதுசாக ஒரு சாட்சி கிடைக்கும்போதெல்லாம் சிலரை நம்புவார்கள். அந்த சாட்சி இல்லாதவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள்.

(வழக்கமான எச்சரிக்கை: இது வரலாற்றுக் குறிப்பு, மருத்துவ ஆலோசனை இல்லை.)

கல் இருந்தால் நம்புவோம்

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். அதுதான் 1956ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964ல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆனது. பள்ளி தொடங்கிய மறு வருஷம், 1824 ஜனவரியில், பாரிஸில் ஜான் சிவியால் என்ற மருத்துவர் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியைச் செலுத்தி நீர்ப்பைக் கல்லை உடைத்துக் காட்டினார். சிறுநீரகவியல் என்ற தனித்துறை பிறந்த கதையில் அது ஒரு பெரிய நாள்.

அந்தக் காலத்தில் நீர்ப்பையில் வலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கல்தான். உலோகக் குழாயை உள்ளே விட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். கல் இருந்தால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். வலிக்கு அதுதான் சாட்சி.

சத்தம் கேட்காவிட்டால்? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிலிப் சிங் ஃபிசிக் என்ற அறுவை மருத்துவர் 1808லேயே இதைக் கவனித்திருக்கிறார். கல்லுக்கு உண்டான எல்லா அவஸ்தையும் இருக்கும், ஆனால் கல் இருக்காது. நீர்ப்பைக்குள் அழற்சி, ஒரு புண் இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவருடைய மாணவர் ஜோசஃப் பாரிஷ் 1836ல் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் வைத்த பெயரில் 'டிக் டூலூரூ' என்ற பிரெஞ்சுச் சொல் வருகிறது. முகத்தில் மின்னல் மாதிரி வெட்டும் நரம்பு வலிக்கு வழங்கிய பெயர் அது. அதையே நீர்ப்பைக்குப் பொருத்தினார். முகத்தில் அந்த வலி வந்தவரை யாரும் கற்பனை என்று சொல்வதில்லை. நீர்ப்பைக்கும் அந்த மரியாதையைத்தான் பாரிஷ் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிச்சம் உள்ளே போன கதை

உள்ளே பார்க்க வெளிச்சம் வேண்டும். 1853ல் பாரிஸில் தெசோர்மோ என்பவர் சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்கின் ஒளியைக் குழாய் வழியாக உள்ளே அனுப்பிப் பார்த்தார். 1879ல் மாக்ஸ் நிட்சே வியன்னாவில் காட்டிய கருவியில் வெளிச்சமே நீர்ப்பைக்குள் போனது. மின்சாரத்தால் ஒளிரும் பிளாட்டினக் கம்பி, அது சுடாமல் இருக்கச் சுற்றிலும் ஓடும் தண்ணீர். இன்றைய சிஸ்டோஸ்கோப்பிக்கு அதுதான் பாட்டன்.

1887ல் புரூக்ளினில் இருந்த மகளிர் மருத்துவர் அலெக்ஸாண்டர் ஸ்கீன் தன்னுடைய பாடநூலில் 'இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். நீர்ப்பைச் சுவரின் மேல்தோலோடு நிற்காமல் உள்அடுக்குகள் வரை போகும் அழற்சி என்று பொருள். சுருக்கமாக ஐ.சி. என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த இடம் பால்டிமோர். இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கை ஹன்னர் என்ற மகளிர் மருத்துவர், வருஷக்கணக்காக அவதிப்பட்ட எட்டுப் பெண்களைப் பற்றி 1915ல் கட்டுரை வெளியிட்டார். அவர்களுடைய நீர்ப்பைச் சுவரில் சிவந்த திட்டுகள் இருந்தன. நீர்ப்பையை விரித்தால் அவை வெடித்து ரத்தம் கசிந்தது. 'ஹன்னர் புண்' என்ற பெயர் நிலைத்தது.

எட்டுப் பெண்களுக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் ஒருவர் பார்த்துவிட்டார். ஆனால் அதோடு ஒரு சிக்கலும் பிறந்தது. ஹன்னர் புண் என்று பெயர் வைத்தாகிவிட்டது. இனி புண் இருந்தால்தான் நோய். புண் தெரியாதவர்களை என்ன செய்வது? இன்றைக்கு நமக்குத் தெரியும், இந்த வலி உள்ளவர்களில் சிறுபான்மையினருக்கு மட்டுமே அந்தப் புண் இருக்கிறது. மிச்சம் உள்ளவர்கள் பல தலைமுறைகளாக வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

1949ல் ஜான் ஹேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 223 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெரிய புண் இல்லாதவர்களிலும் நீர்ப்பையை விரித்தால் சுவரெங்கும் பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு தெரிகிறது என்றார். கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. ஆனால் இது அரிய நோய் என்ற எண்ணம் மாறவில்லை.

மனசு என்ற குப்பைக்கூடை

காரணம் தெரியாததை எல்லாம் மனசில் போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். 1958ல் ஒரு மனஉடல் மருத்துவ இதழில் ஐ.சி. நோயாளி ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் மனப்பாங்கையும் இந்த நோயையும் இணைத்துத் தலைப்பு வைத்திருந்தார்கள். அதாவது அந்தப் பெண் தன் வலியை உள்ளூர விரும்புகிறாள்! படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அந்த டாக்டர் ரூம் வாசல் ஞாபகம் வந்தது. நானும் அதே கட்சியில்தானே நின்றேன்?

இந்த நிலையை அசைத்ததில் ஒரு மாணவிக்குப் பெரிய பங்கு உண்டு. விக்கி ராட்னர், 1980களின் தொடக்கத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியும் பதில் கிடைக்கவில்லை. மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து தன் நோயின் பெயரைத் தானே கண்டுபிடித்தார். 1984ல் இந்த நோயாளிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். காலை நேரத் தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர் பேசியதும் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அரிய நோய் என்று பேர். கடிதம் மட்டும் மூட்டை மூட்டையாக!

எண்ணிக்கையைப் பாருங்கள். 1975ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் எடுத்த கணக்குப்படி லட்சம் பெண்களில் சுமார் 18 பேருக்கு ஐ.சி. 2011ல் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டு வெளியிட்ட கணக்குப்படி, இந்த அறிகுறிகள் உள்ள பெண்கள் 33 லட்சம் முதல் 79 லட்சம் வரை. அவர்களில் நோயின் பெயரை ஒரு டாக்டர் வாயால் கேட்டிருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நோய் இத்தனை மடங்கு பெருகிவிடவில்லை. முதல் கணக்கு டாக்டர் கண்டுபிடித்தவர்களை எண்ணியது. இரண்டாவது கணக்கு வலிக்கிறது என்றவர்களை எண்ணியது.

விதி எழுதினால் வரும் வினை

சங்கம் கொடுத்த நெருக்கடியில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இறங்கியது. ஆராய்ச்சிக்கு முதலில் ஒரே மாதிரியான நோயாளிகள் வேண்டும். ஆளுக்கொரு விளக்கம் வைத்துக்கொண்டால் ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவோடு ஒப்பிட முடியாது. அதனால் 1987, 1988ல் நிபுணர்கள் கூடி விதிகள் எழுதினார்கள். நீர்ப்பையை விரித்துப் பார்க்கும்போது ஹன்னர் புண்ணோ ரத்தப் பொட்டுகளோ தெரிய வேண்டும், வலி அல்லது அவசரம் இருக்க வேண்டும், இன்னின்ன நோய்கள் இருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல்.

ஆராய்ச்சிக்காக எழுதிய விதி அது. சும்மா இருக்குமா? கிளினிக்குக்குள் நுழைந்தது. விதிக்குள் வந்தால் நோயாளி, வராவிட்டால் இல்லை என்றாகிவிட்டது. டெஸ்ட்டுக்கு எழுதிய கோடு புரொடக்ஷனில் ஓடினால் என்ன ஆகும் என்று என் தொழில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1999ல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. இந்த விதியைக் கறாராகப் பிடித்தால், அனுபவசாலி மருத்துவர்கள் 'ஐ.சி.தான்' அல்லது 'பெரும்பாலும் ஐ.சி.' என்று சொன்னவர்களிலேயே 60 சதவீதத்துக்கு மேல் வெளியே போய்விடுகிறார்கள்.

அதற்கு முந்தின வருஷம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் அடி. கருத்தடை அறுவைக்கு வந்த, நீர்ப்பையில் எந்த வலியும் இல்லாத பெண்கள் 20 பேருக்கு நீர்ப்பையை விரித்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அதே ரத்தப் பொட்டுகள்! ஆக, வலி இருப்பவர்களில் பலருக்கு சாட்சி இல்லை. வலி இல்லாதவர்களுக்கு சாட்சி இருக்கிறது. அந்த சாட்சியை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது?

உள்பூச்சு உரிந்தால்

இந்த இடத்தில்தான் பார்வை புண்ணிலிருந்து சுவரின் பூச்சுக்குத் திரும்பியது.

நம்ம வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல் சுவர் தண்ணீரை நிறுத்தாது. உள்ளே பூசிய பூச்சுதான் நிறுத்தும். நீர்ப்பையின் உள்பூச்சுக்கு யூரோதீலியம் என்று பெயர். அதன் மேல்வரிசையில் குடை மாதிரி விரிந்த பெரிய செல்கள். அவற்றின் மேற்பரப்பில் யூரோபிளாக்கின் என்ற புரதங்கள் ஓடு வேய்ந்த மாதிரி நெருக்கமாக அடுக்கியிருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள சந்தை இசட்.ஓ.1, ஆக்லூடின் போன்ற புரதங்கள் இறுக்கிப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே வழவழப்பான ஒரு சர்க்கரைப் படலம். உடம்பில் இருக்கும் தடுப்புகளிலேயே இது மிகக் கெட்டியான ஒன்று.

அப்படி இருக்கத்தான் வேண்டும். சிறுநீரில் யூரியாவும் உப்பும் அடர்த்தியாக இருக்கின்றன. பொட்டாசியம் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பொட்டாசியம் கசிந்து அடியில் உள்ள நரம்பு நுனிகளைத் தொட்டால் அவை சும்மா இருக்காது, வலிச் செய்தியை அனுப்பும். சான் டியேகோவின் லோவெல் பார்சன்ஸ் இந்தக் கசிவுக் கொள்கையைப் பல வருஷம் வாதிட்டார். நீர்ப்பைக்குள் பொட்டாசியம் கரைசலை விட்டு வலிக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் கொண்டுவந்தார். நோயாளிகள் பலருக்கு வலித்தது. ஆனால் எல்லோருக்கும் இல்லை, வேறு கோளாறு உள்ளவர்களுக்கும் வலித்தது. ஏற்கெனவே வலியில் இருப்பவரை இன்னும் வலிக்க வைக்கும் அந்தச் சோதனையை இப்போதைய வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை.

பூச்சு உரிந்தால் மேலே பூசிவிடலாமே என்ற யோசனையில் பென்டோசன் பாலிசல்ஃபேட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 1996ல் அனுமதி கிடைத்தது. சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. 2018ல் எமரி பல்கலைக்கழக கண் மருத்துவர்கள், அதை நெடுநாள் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரையில் ஒருவிதப் பாதிப்பு வருவதைக் கவனித்தார்கள். 2020ல் மருந்தின் சீட்டில் எச்சரிக்கை ஏறியது. நம்ம ஊரிலும் இந்த மருந்து கிடைக்கிறது. சாப்பிடுகிறவர்கள் கண் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு சின்ன சங்கதி. நம்ம பக்கத்தில் நீர்க்கடுப்பு என்றால் உடனே 'சூடு பிடிச்சிருக்கு, இளநீர் குடி' என்பார்கள். அக்காவுக்கு இளநீர் குடித்த அன்று வலி கூடும். அம்மா நம்பவே மாட்டார். "குளிர்ச்சிதானேடி அது!" இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்று பார்சன்ஸ் கட்டுரைகளைப் படித்தபோதுதான் யோசித்தேன். ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அக்கா கற்பனை பண்ணவில்லை என்று வீட்டில் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்தது.

பால்டிமோருக்கே திரும்பி

பூச்சு ஏன் உரிகிறது? காயம் பட்டால் வேகமாக வளர்ந்து மூடிக்கொள்ளும் திறன் அந்த செல்களுக்கு உண்டு. இவர்களுக்கு ஏன் மூடவில்லை?

விடையின் முக்கியமான துண்டு ஒன்று அதே பால்டிமோரிலிருந்து வந்தது. ஹன்னருக்கு 80 வருஷம் கழித்து, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில். சூசன் கே தொற்றுநோய் மருத்துவர். நோயாளிகளின் சிறுநீரில் மறைந்திருக்கும் கிருமியைத் தேடி இறங்கியவர். கிருமி சிக்கவில்லை. வேறொன்று சிக்கியது. நல்ல நீர்ப்பை செல்களை வளர்த்து, அவற்றின்மேல் நோயாளிகளின் சிறுநீரை விட்டபோது செல்கள் பெருகுவதைக் குறைத்துக்கொண்டன. நோயில்லாதவர்களின் சிறுநீரில் அப்படி ஆகவில்லை. 1996ல் இதை வெளியிட்டார்கள். சிறுநீரில் இருக்கும் ஏதோ ஒன்று செல்களை வளரவிடாமல் தடுக்கிறது. பெருக்கத் தடைக்காரணி, ஏ.பி.எஃப். என்று பெயர் வைத்தார்கள்.

அது எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தார்கள். சிறுநீரகத்திலிருந்து நேராக எடுத்த சிறுநீரில் இல்லை. நீர்ப்பையில் தேங்கிய சிறுநீரில் இருந்தது. ஆக, அதைத் தயாரிப்பது நீர்ப்பையேதான்.

எட்டு வருஷம் கழித்து, 2004ல், அதன் உருவம் தெரிந்தது. ஒன்பதே ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துணுக்கு, அதன் முனையில் ஒரு சர்க்கரைச் சங்கிலி. 'ஃபிரிசில்டு 8' என்ற பெரிய புரதத்தின் ஒரு பகுதியோடு அந்தத் துணுக்கு அப்படியே பொருந்தியது. (ஃபிரிசில்டு என்றால் சுருட்டை. பழ ஈயில் இந்த மரபணு கெட்டால் உடம்பு மயிர் தாறுமாறாகத் திரும்பிக்கொள்ளும், அதனால் வந்த பேர்.) மிகச் சொற்ப அளவே போதும். செல் பெருகுவது குறையும், வளரச் சொல்லும் எச்.பி.-ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தின் உற்பத்தி குறையும், சந்தை இறுக்கும் இசட்.ஓ.1, ஆக்லூடின் புரதங்களும் குறையும்.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்றால், தொட்டியில் விரிசல் விட்டது ஒரு பிரச்சினை. கொத்தனாரை வரவிடாமல் யாரோ கேட்டைப் பூட்டியது இன்னொரு பிரச்சினை. ஏ.பி.எஃப். இரண்டாவது வகை.

மேரிலாண்ட் குழுவின் ஆய்வுகளில் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இது இருந்தது. மற்றவர்களில் மிகச் சிலருக்கே இருந்தது. அப்புறம் என்ன, ஒரு டெஸ்ட் வந்திருக்க வேண்டுமே?

ஏன் இன்னும் லேபுக்கு வரவில்லை

வரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். அக்காவுக்கு ஒரு பேப்பர் கிடைக்கும், அதை எடுத்துக்கொண்டுபோய் எல்லோர் முகத்திலும் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

முதல் காரணம் நடைமுறை. ஏ.பி.எஃப். சோதனைக்கு உயிருள்ள நீர்ப்பை செல்களை வளர்த்து, சிறுநீரை விட்டு, நாள் கணக்கில் காத்திருந்து, பெருக்கத்தை அளக்க வேண்டும். கர்ப்ப டெஸ்ட் மாதிரி ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கும் சமாச்சாரம் இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இது ஒரே நோயா என்பதே சந்தேகம். ஹன்னர் புண் உள்ளவர்களின் சுவரில் அழற்சி அடர்த்தியாக இருக்கும். புண் இல்லாதவர்கள் பலருக்கு நீர்ப்பையோடு குடல், முதுகு, தசை என்று வேறு இடங்களிலும் வலி இருக்கும். ஒரே பெயருக்குள் ரெண்டு மூணு கதைகள் இருந்தால், ஒரே புரதம் எல்லோருக்கும் எப்படி சாட்சி சொல்லும்?

அதனால் தேடல் பல பக்கம் பிரிந்தது. தைவானில் குவோ ஹான்-சோங் குழுவினர் நோயாளிகளின் நீர்ப்பைச் சுவரிலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் குறைவு, செத்துவிழும் செல்கள் அதிகம், அழற்சியும் கூடவே. சிறுநீரில் நரம்பு வளர்ச்சிப் புரதத்தையும் அளந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஏதோ சொல்கிறது, எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. 2008ல் அமெரிக்க அரசு தொடங்கிய மாப் என்ற கூட்டு ஆய்வு நீர்ப்பையை மட்டும் பார்க்காமல் முழு ஆளையும் பார்க்கத் தொடங்கியது.

ஜப்பான் 2015ல் ஹன்னர் வகையைத் தீராத நோய்களின் அரசுப் பட்டியலில் சேர்த்து சிகிச்சைச் செலவுக்கு உதவி தருகிறது. நல்ல விஷயம். ஆனால் கவனித்தீர்களா, அங்கேயும் புண் தெரிந்தவர்களுக்குத்தான் கதவு திறந்தது.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. காச நோய் நீர்ப்பையிலும் வரும். அதுவும் சாதாரண கல்ச்சரில் அகப்படாது, நீர்ப்பையைச் சுருக்கிவிடும். அதனால் நம்ம மருத்துவர்கள் முதலில் அதை விலக்கிவிட்டுத்தான் இந்தப் பெயரைச் சொல்ல முடியும். அகமதாபாத்தின் யூராலஜிஸ்ட் நாகேந்திர மிஸ்ரா போன்றவர்கள் முன்னின்று கிப்ஸ் என்ற அமைப்பின் வழியாக இங்குள்ள நிலைமைக்குப் பொருந்தும் வழிகாட்டி எழுதவும் மற்ற மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவும் முயன்றுவருகிறார்கள்.

ஒரு நோட்டும் ஒரு அளவு கப்பும்

அமெரிக்க யூராலஜி சங்கம் 2011ல் முதல் வழிகாட்டியை வெளியிட்டு, 2022ல் திருத்தியது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். நோயைத் தீர்மானிக்க எந்தப் புரதமும் தேவையில்லை. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி அல்லது அசௌகரியம், அது நீர்ப்பையோடு சம்பந்தப்பட்டது என்று நோயாளி உணர்வது, கூடவே சிறுநீர்த் தொந்தரவுகள், தொற்று போன்ற வேறு காரணங்கள் இல்லாமை. ஹன்னர் புண் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் சிஸ்டோஸ்கோப்பி. அவ்வளவுதான். 200 வருஷம் சுற்றிவிட்டு மருத்துவம் கடைசியில் நோயாளியின் வாய்ச்சொல்லையே முதல் சாட்சியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அக்காவை நாங்கள் கடைசியாகப் பார்த்த டாக்டரும் அதைத்தான் செய்தார். பச்சை ஃபைலைப் பார்த்தார். நார்மல் என்று சொல்லவில்லை. "மூணு நாளைக்கு ஒவ்வொரு தடவையும் மணி எத்தனை, எவ்வளவு மில்லி, வலி பத்துக்கு எவ்வளவு, எழுதிட்டு வாங்கம்மா" என்றார். ஒரு நோட்டும் சமையலறை அளவு கப்பும் போதுமானதாக இருந்தது.

அந்த நோட்டை எக்ஸெலில் ஏற்றினது நான்தான். ஒரு நாளைக்கு 26 தடவை. ஒரு தடவைக்கு சராசரி 75 மில்லி. பெருக்கினால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மொத்தத்தில் அசாதாரணம் எதுவும் இல்லை. சிறுநீரகம் சரியான அளவில்தான் அனுப்புகிறது. 300, 400 மில்லி பிடிக்க வேண்டிய பைதான் 75லேயே கத்துகிறது. ஆறு வருஷமாக அக்கா வாயால் சொன்னது ஒரு வரி ஃபார்முலாவில் என் கண் முன்னால் நின்றது. எனக்கு நம்பர் தேவைப்பட்டது என்பதில் வெட்கம்தான்.

வேறு காரணங்களையெல்லாம் விலக்கிய பிறகு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். இது போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். காபி, புளி, தக்காளி, பச்சை மிளகாயை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இடுப்புத் தசைக்குப் பயிற்சி, ஒரு மாத்திரை, நீர்ப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. புளி அக்காவுக்கு ஒன்றும் செய்யவில்லை, காபிதான் வில்லன். இப்போது நாளைக்கு 13, 14 தடவை. கெட்ட நாட்களும் வரும்.

அன்று பெயரைக் கேட்டதும் அக்கா அழுதாள். டாக்டர் பயந்துபோய், "பயப்படாதீங்கம்மா, உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை" என்றார்.

"பயத்துல அழல சார். பேரு இருக்குன்னு அழறேன்" என்றாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதுக்குடா என்றாள். அன்றைக்கு நீ கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்டா" என்றாள். "ஆட்டோவைக் கூப்பிடு. எனக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."